லிஃப்ட் குழியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர்

பழனியாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கோயமுத்தூர் நடு ஊரில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒன்பது மாடிக்கு எழுப்பியிருந்தார்கள். எல்லா இலாகாக்களும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டால் ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். அதுவரை தெருத் தெருவாக அலைந்தவர்கள் அதற்குப் பிறகு மாடி மாடியாக அலைந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது மாடிக்கு மேல் தண்ணீர் ஏறாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கிறபோது ஜன்னல் கதவுகள் அறைந்து அறைந்து கண்ணாடி உதிரும். ஃபைல்களின் மேல் செங்கல் வைத்துக்கொண்டு வேலை பார்ப்போம். நான் ஐந்தாவது மாடியில் டைப்பிஸ்ட். பெயர் நாச்சியம்மாள். துடியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அந்தக் கட்டடத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறி இறங்கியவள்.

பழனியாத்தாள் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். காண்டிராக்ட் ஆள். போத்தனூருக்குப் பக்கத்தில் வீடு. புருஷன் இல்லை, ஒரே மகள் சண்முகப்ரியா பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழனியாத்தாளை எல்லோருக்கும் தெரிந்தது செருப்பால்தான். கிராமத்திலிருந்து மனு கொண்டு வருகிறவர்கள் லிஃப்டைப் பார்த்ததும், ஏதோ பெரிய மனுஷர் வீட்டுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறுவார்கள். ஏழாவது மாடியில் இறங்கியபின்தான் செருப்பு கீழேயே நின்றுபோனது உறைக்கும். பழனியாத்தாள் அவற்றைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு, எது யாருடையது என்று மனசில் வைத்து, படியேறிப் போய்க் கொடுப்பாள். படியேறித்தான். லிஃப்டில் அவள் ஏறி நான் பார்த்ததில்லை.

லிஃப்டை ஓட்டியவர் யூனுஸ். முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற கோட்டைமேட்டுக்காரர், தினக்கூலி. ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவதைத் தவிர அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று எங்கள் ஆபீசில் பேசிக்கொள்வார்கள். பட்டனை அமுக்கினால் நிற்க வேண்டிய மாடியில் அது நிற்காது, அவர் உள்ளே ஏதோ ஒரு கம்பியை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. அவரும் பழனியாத்தாளும் காலையில் லிஃப்டுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவர் அக்கா என்பார், இவள் பாய் என்பாள்.

ஒருநாள் கோபத்தில்தான் கேட்டேன். இரண்டு கையிலும் வாளியோடு மூச்சு வாங்க ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தவளைப் பார்த்து, "லிஃப்டுல வந்தா என்ன, உனக்கென்ன வேண்டுதலா?" என்றேன்.

வாளியை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். "அது அடியில எம்பட ஊட்டுக்காரரு இருக்காருங்கம்மா. அவரு மேல ஏறி நின்னுட்டுப் போறதுக்கு மனசு வரலீங்க" என்றாள்.

அவள் புருஷன் அங்கப்பன் இந்தக் கட்டடத்தில் கான்கிரீட் வேலை செய்தவர். தொண்ணூற்றிரண்டில், மேல் மாடிகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, லிஃப்டுக்காக விட்டிருந்த பொந்தின் ஓரத்தில் போட்டிருந்த பலகை நழுவி, நேரே அடியில் குழிக்குள் விழுந்தார். கூட வேலை செய்த சின்னான் இறங்கித் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். "சின்னான் மடியிலயே போயிட்டாருங்க. 'பழனி'ன்னு ஒருக்காச் சொன்னாராமுங்க. அப்புறமேட்டு ஒண்ணுமில்லீங்க." ஆனால் காண்டிராக்டரின் ஆட்கள் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே வந்துதான் உயிர் போனது என்று எழுத வைத்துவிட்டார்கள். கட்டடத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதல்லவா. கட்டடத்தின் பெயர் காப்பாற்றப்பட்டது.

அவளுக்கு அந்த எழுத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் வேறு. "எங்க சனத்துல ஊட்டுல சாகாம வெளிய உசிரு போனா, போன எடத்துக்கே போயிக் கூப்பிட்டுக் கூட்டியாரோணுமுங்க. இல்லாட்டி அங்கயே நின்னுக்குவாங்க. ஊட்டுல ஒரு நல்லது நடந்தாக்கூட அவங்களுக்குத் தெரியாதுங்க." கூப்பிடுவதற்கு ஒரு முறை இருந்தது. செம்பில் கிணற்றுத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலை, ஒரு வெள்ளை அரளிப் பூ. உயிர் போன இடத்தில் நின்று பெண்டாட்டி பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாழ்நாளில் புருஷன் பேரைச் சொல்லாதவள் அன்று ஒருநாள் சொல்லலாம். பிறகு செம்பை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைப்படியில் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற வரைக்கும் தூக்கி வருகிறவள் ஒருத்தரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

"அப்படிப் போயிட்டா மறுக்காக் கூப்பிட முடியாதா?"

"ஒருக்காத்தானுங்க. போனா போனதுதானுங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழிக்கு மேல் சுவர் எழும்பி, கதவு வைத்து, பூட்டுப் போட்டாகிவிட்டது. அதற்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே அவள் இந்தக் கட்டடத்தில் துடைப்பத்தோடு வந்து சேர்ந்திருக்கிறாள். வந்தும் வருஷக்கணக்கில் அந்தக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாளே தவிர உள்ளே போக முடியவில்லை.

கேட்காமல் இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர் பாலகோபாலிடம் போய்க் கும்பிட்டிருக்கிறாள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர்களிடம் மாட்டுவது கெட்டவர்களிடம் மாட்டுவதைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். கெட்டவருக்கு ஒரு நாளாவது மனசு மாறும். ஒரு தடவை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்தக் கட்டடத்துல யாரும் சாகலைங்க நாச்சியம்மா" என்றார் அவர், ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல். "ஆஸ்பத்திரியிலதான் செத்தாருன்னு இருக்குது. நான் இப்ப குழியைத் தொறந்து பூசை பண்ண உட்டா, இங்கதான் செத்தாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்லோ."

"பூசையெல்லாம் இல்லீங்க சார்" என்றாள் பழனியாத்தாள். "ஒரு செம்புத் தண்ணி. சித்த நேரம். கூப்பிட்டுப்போட்டு வந்தர்றேனுங்க."

"ஆகாதுங்கம்மா. போயி வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும் நான்தான் கத்தினேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு முன்னால் போய்ப் பெருக்க ஆரம்பித்தாள்.

குழிக் கதவின் சாவி யூனுஸிடம் இருந்தது. அவரிடம் அவள் கேட்காத நாளில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார். "அக்கா, நீங்க உள்ள இருக்கைல லிஃப்ட் அசைஞ்சுபோட்டா என்ன பண்றதுங்க? வேலையும் போயிரும், உங்க பாவமும் என் தலைல உழுகும். எனக்குந்தான் புள்ள குட்டி இருக்குது." அதற்கும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மறுநாள் காலையில் அவருக்கு டீ வாங்கி வைத்திருப்பாள்.

தொண்ணூற்றெட்டு பிறந்தது. பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்தன. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. செத்தவர்கள் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் கட்டடம் எப்படி ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன். வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு காவலுக்கு ஆட்கள் வந்தார்கள். சோற்று டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கொஞ்ச நாள் கழித்து யூனுஸ் மறுபடி வேலைக்கு வந்தபோது லிஃப்ட் காலியாக ஓடியது. இத்தனை வருஷம் "பாய், அஞ்சு", "பாய், எட்டு" என்று ஏறி இறங்கிய என் ஆபீஸ்காரர்கள் திடீரென்று உடற்பயிற்சியில் அக்கறை வந்தவர்களாகப் படியேறினார்கள். முட்டி வலி என்று மூன்று மாதம் லீவில் இருந்த சூப்பிரண்டுகூட எட்டு மாடி ஏறினார். யூனுஸ் ஸ்டூலில் உட்கார்ந்து காலி லிஃப்டின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் ஏறினேன். என்னைத் தவிர இன்னும் இரண்டொருவர். அது போதவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலைக் கூட்டம் படியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பழனியாத்தாள் தன் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் பார்க்க லிஃப்டுக்குள் போய் நின்றாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. புருஷனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். "ஒம்பதுக்கு உடுங்க பாய்" என்றாள். யூனுஸ் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கதவை மூடினார். அன்றைக்கு முழுக்க அவள் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தாள். பெருக்க வேண்டியது பெருக்காமல் கிடந்தது. மறுநாள் இரண்டு கிளார்க்குகள் தலையைக் குனிந்துகொண்டு அவளோடு ஏறினார்கள்.

சித்திரையில் சண்முகப்ரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் வேலை செய்யும் திருமூர்த்தி. நல்ல பையன். வைகாசியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். அப்பன் வீடு வந்து சேராமல் பந்தக்கால் எப்படி நடுவது என்று பழனியாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் லிஃப்டுக்கு முன்னால் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். அவள் கேட்கக்கூட இல்லை. யூனுஸாகவே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மெக்கானிக் வராருங்கக்கா. பத்து மணிக்கு மேலதான் வருவாரு. நீங்க வெடியால வந்துருங்க. லிஃப்ட மேல நிறுத்தி மெயின அணைச்சுப்போட்டு, கதவத் தொறந்து உடறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா பாய்?"

"இனி என்ன ஆறதுக்கு இருக்குது? இந்த மாசத்தோட என்னைய எடுத்துருவாங்கன்னுதான் பேச்சு. போறதுக்கு முந்தி ஒரு நல்லதாச்சும் பண்ணிப்போட்டுப் போறேனுங்க."

என்னையும் வரச் சொன்னாள். காரணம் இருந்தது. போத்தனூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பான், அவளால் பதில் சொல்ல முடியாது. சீட்டு வாங்கவும், வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். கல்யாணப் பெண்ணை இதற்குக் கூட்டி வரக்கூடாதாம். "உங்க வாய்க்கு யாரும் கிட்ட வரமாட்டாங்கம்மா" என்றாள். அது பாராட்டுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலை குளித்து ஈரக் கூந்தலை முடிந்து வந்திருந்தாள். வாசலில் இருந்த காவலர் அவளை ஓரளவு அறிந்தவர். பெருக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துச் செம்பையும் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். ஆளில்லாத கட்டடம் வேறு மாதிரி இருந்தது. யூனுஸ் லிஃப்டை இரண்டாவது மாடியில் நிறுத்திவிட்டு வந்து, தரைத்தளக் கதவைச் சாவி போட்டு விலக்கினார். உள்ளே இருட்டு. எண்ணெய் நாற்றம். சுவரில் பதித்த இரும்புப் படிகள் கீழே போயின. சொந்தக்காரர் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் அவர் மாடிப்படிப் பக்கம் தள்ளிப் போய் முதுகு காட்டி நின்றுகொண்டார். நானும் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். காதைத் திருப்பிக்கொள்ள முடியாதே.

முதலில் சத்தமே இல்லை. கர்ப்பூர வாசனை வந்தது. பிறகு அவள் தொண்டையைச் செருமினாள். பேர் வரவில்லை. இத்தனை வருஷம் வாயில் வராத பேர், கூப்பிட வேண்டிய நேரத்தில் வர மறுத்தது. அழுகிறாளோ என்று எனக்குப் பதறியது.

"அங்கப்பனுங்க" என்று குழிக்குள்ளிருந்து கேட்டது. புதுப்பெண் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு. "அங்கப்பனுங்க, நாந்தான் வந்திருக்கறேன். பாப்பாளுக்குக் கண்ணாலமுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்." இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கூச்சமெல்லாம் போய்விட்டிருந்தது. வயலுக்குப் போனவரை மதியச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல் அது. நம்பிக்கையில்லாத நான் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேலே ஏறி வந்தபோது செம்பின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஒரு சொல் பேசவில்லை. யூனுஸைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கதவை இழுத்துப் பூட்ட ஆரம்பித்தார். நாங்கள் வாசலுக்கு நடந்தோம்.

வாசலில் ஆள் மாறியிருந்தார்கள். காலையில் இருந்தவர் போய், எங்களை அறியாத இருவர் நின்றார்கள். விடுமுறை நாளில், பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் வெளியே வருகிறார்கள், ஒருத்தி கையில் வாய் கட்டிய செம்பு. அவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பையன்களுக்கும் பயம்தான்.

"என்னம்மா அது? கீழ வை."

கீழே வைக்கக்கூடாது. அவள் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன இருக்கு உள்ள? சொல்லு."

நான் முன்னால் போனேன். இங்கே பெருக்குகிறவள், இது சாமி காரியம், தண்ணீர்தான், அவள் பேசக்கூடாது, நான் சொல்கிறேன் என்று கடகடவென்று சொன்னேன். கேட்டவருக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. "நீங்க யாரு? அவங்களுக்கு வாய் இல்லையா?" என்றார். அதற்குள் இன்னொருவர் கம்பியில்லாக் கருவியில் பேசிவிட்டார். ஜீப் வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். பல நாள் தூங்காதவர் போலிருந்தது.

"எங்கேர்ந்து கொண்டு வர்றீங்க இதை?"

நான் தயங்கினேன். குழிக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்த யூனுஸ் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். "சார், நாந்தானுங்க லிஃப்ட் குழியைத் தொறந்து உட்டேன். அந்தக்கா மேல தப்பில்லீங்க."

"உன் பேரு?"

அவர் பேரைச் சொன்னார். ஊரில் எந்தப் பகுதி என்று கேட்டதற்கும் கோட்டைமேடு என்று மறைக்காமல் சொன்னார். அதன்பிறகு அங்கே காற்றே மாறிப்போனது. அவரைச் சுவரைப் பார்த்து மண்டி போடச் சொன்னார்கள். சாவிக் கொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்களை மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்க வைத்தார்கள். நான் கத்தினேன், எனக்குத் தெரிந்த அதிகாரிகள் பேரையெல்லாம் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை.

"குழிக்குள்ள என்ன வெச்ச?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான் உள்ளயே போகலீங்க சார். அக்கட்ட திரும்பி நின்னுட்டிருந்தேன்."

"அப்ப இந்தம்மாகிட்ட என்ன குடுத்து வெக்கச் சொன்ன?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க."

அவர் பழனியாத்தாளிடம் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, பயப்படாதீங்க. குழிக்குள்ள போனது நீங்க. இந்த ஆளு எதையாவது குடுத்து உள்ள வெக்கச் சொன்னானா? ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நீங்க பேசாம நின்னா, சொன்னான்னுதான் நான் எடுத்துக்கணும்."

பழனியாத்தாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை. அவருக்கு அது போதவில்லை. பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். யூனுஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி ஜீப்பின் பக்கம் நடத்தினார்கள். யூனுஸ் திரும்பி அவளைத்தான் பார்த்தார். "அக்கா, நீங்க பேசிராதீங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க ஊட்டுக்குப் போங்க."

அந்த நாட்களில் அப்படிப் போன ஆள் எப்போது திரும்பி வருவார் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் செம்பைப் பார்த்தாள். துணிக்கு மேல் கையை வைத்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினாள். எனக்கு அவளிடம் பேசு என்று சொல்லவும் வாய் வரவில்லை, பேசாதே என்று சொல்லவும் வரவில்லை.

"அந்தப் பாய உடுங்க சார்" என்றாள்.

குரல் உடைந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "அவரு கதவத் தொறந்துபோட்டு அக்கட்ட போயி நின்னுக்கிட்டாருங்க. ஒண்ணும் குடுக்கலீங்க. உள்ள போனது நானு. எம்பட ஊட்டுக்காரரு அங்க உழுந்து செத்தாருங்க. அவரக் கூப்பிடறதுக்குப் போனேன்."

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பக்கம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு, "செம்புல என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையும் ஒரு வெள்ளைப் பூவும் மிதந்தன.

"இப்ப வெறும் தண்ணிதானுங்க" என்றாள்.

மெக்கானிக் வந்தபின் குழிக்குள் இறங்கிப் பார்த்தார்கள். கர்ப்பூரக் கரியைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியும் யூனுஸைச் சாயங்காலம்தான் விட்டார்கள். அதுவே பெரிது என்றார்கள். மறுநாள் பாலகோபால் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். அனுமதியில்லாமல் குழியைத் திறந்தது குற்றமாம். நான் அவர் அறைக்குப் போய், இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, என் ஆத்திரம் அடங்கியது தவிர. அதுவும் முழுக்க அடங்கவில்லை. புருஷனை அந்தக் கட்டடத்தில் விட்டுவிட்டு அவளை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மனு நாள். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பழனியாத்தாள் மனுக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, கையில் காகிதம் எதுவும் இல்லாமல், லிஃப்டுக்கு முன்னால் நின்றாள். புது ஆபரேட்டர் எந்த மாடி என்று கேட்டான். எந்த மாடியும் இல்லை என்றாள். ஏறவில்லையென்றால் வழியை விடச் சொன்னான். ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள். மாலை வரை நின்றுவிட்டுப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தக்காலை அவள் அண்ணன் நட்டார். அவள் அந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது யூனுஸும் அவர் மனைவி ஜாஹிதாவும் வந்தார்கள். பந்தலுக்கு வெளியிலேயே நின்றார்கள். வந்திருந்தவர்களில் சிலர் பார்த்த பார்வை அப்படி. பழனியாத்தாள் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஜாஹிதாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து, இருவரையும் மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தியில் உட்கார வைத்து, அவளே இலை போட்டாள். நான் எதிர் வரிசையில் இருந்தேன்.

யூனுஸ் சோற்றில் கை வைக்கவில்லை. "என்னாலதானுங்கக்கா உங்க ஊட்டுக்காரரு வராமப் போயிட்டாரு" என்றார். "அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா இன்னிக்கு இங்க இருந்திருப்பாரு."

அவள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த மணைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே ஜாஹிதாவைக் காட்டிச் சொன்னாள்.

"செத்தவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியுமுங்க பாய். உங்கள அந்த ஜீப்புல கூட்டிட்டுப் போயிருந்தா, இந்த அம்மணி எந்த எடத்துல போயி நின்னு கூப்பிடுவாங்க?"